மூன்று குளியல், ஐந்து பேர், ₹12,120

பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசி ஆறு பக்கங்களைக் குற்றாலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். மதுரையிலிருந்து நாங்கள் ஐந்து பேர்: நானும் வீட்டுக்காரரும், அத்தை, 7 வயதுப் பெரியவள், 3 வயதுச் சின்னவன். சென்ற ஜூலையில் இரண்டு இரவு, மூன்று பகல் போய்வந்தோம். செலவு ₹12,120. ஆளுக்குப் பிரித்தால் ₹2,424. ஆனால் பிள்ளைகளோடு குற்றாலம் போகிறவர்களுக்கு ஆள்கணக்கும் நாள்கணக்கும் உதவாது என்பதுதான் இந்தப் பக்கங்களில் நான் கண்டது. குளியல் கணக்குதான் உதவும். நான்கு குளியல் என்று எழுதிக்கொண்டு போனோம், மூன்றுதான் கிடைத்தது. அப்படியானால் குளியல் ஒன்றுக்கு ₹4,040.

முதலில் கடலா, அருவியா என்றே பேச்சு நடந்தது. அத்தைக்குத் திருச்செந்தூர் போகவேண்டும், முருகனும் ஆச்சு கடலும் ஆச்சு. பிள்ளைகளுக்கு மணல் வேண்டும். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கடற்கரையில் சின்னப் பிள்ளை இரண்டு மணி நேரம் மணலோடு கிடக்கும், அலை காலைத் தொட்டாலே அதற்குப் போதும். அருவியில் அப்படி இல்லை. சின்னவன் இந்த மூன்று நாளில் தண்ணீரில் நின்றது 8 நிமிடம், 6 நிமிடம், 10 நிமிடம். கூட்டினால் 24. பெரியவள் ஒரு மணி நேரம் நின்றிருப்பாள். குழந்தையின் எடைக்கு அதன் தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம், அதனால் உடல்சூடு விரைவில் இறங்கிவிடும். உதடு நீலம் பாரித்துத் தாடை அடிக்கத் தொடங்கினால் அதோடு தூக்கிவிட வேண்டியதுதான், அது எவ்வளவு அழுதாலும். ஆக, அருவிக்குப் போகும் குடும்பம் மீதி நேரத்துக்கும் ஒரு வழி யோசித்துக்கொண்டு போகவேண்டும். அப்படியும் நாங்கள் அருவியையே எடுத்தோம். உப்பும் மணலும் கழுவ இன்னொரு குளியல் தேவையில்லை, வெயில் இல்லை, சாரலில் நடந்தாலே பிள்ளைகள் சிரிக்கின்றன.

எப்போது போவது என்பதுதான் அடுத்த சிக்கல். பள்ளிக்கு விடுமுறை மே மாதத்தில், குற்றாலத்துக்குச் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பள்ளி திறக்கும் வேளையில்தான் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் சாரலைத் தள்ளும். சனி, ஞாயிறில் போகலாம் என்றால் அந்த இரண்டு நாளும் ஊரே அங்கே நிற்கும். விசாரித்த ஒரே அறைக்குச் சனிக்கிழமை இரவு ₹3,500, ஞாயிறு இரவு ₹2,200. ஞாயிறு காலை ரயிலில் கிளம்பினோம். கூட்டம் ஊர் திரும்பும் மாலையில் நாங்கள் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பெரியவளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் விடுப்பு, அறையில் மிச்சம் இரவுக்கு ₹1,300. இரண்டாம் வகுப்பில் இரண்டு நாள் போனால் போகட்டும் என்று நான் முடிவெடுத்தேன்.

ரயில் கட்டணத்தில் 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், 5 முதல் 12 வயதுக்குள் பாதி. எங்களுக்கு அதில் குழப்பமில்லை, பகல் ரயில், உட்கார்ந்து போனோம். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பதிவில் அந்த வயதுப் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக்கட்டணம், கேட்காவிட்டால் பாதி. 2016 ஏப்ரல் முதல் இதுதான் விதி. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாளாக இருந்தது. ஜூலைப் பயணத்துக்கு மே மாதமே உட்கார்ந்து போடவேண்டும். அருவியில் தண்ணீர் விழுமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது, அதுதான் வருத்தம். மதுரையிலிருந்து வருகிற எங்களுக்கு ரயில் டிக்கெட்டும் இரண்டு ஊரிலும் ஆட்டோவும் சேர்ந்து ₹1,380 ஆனது.

தங்குவது தென்காசியிலா, குற்றாலத்திலா? இதை நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். தென்காசியில் ₹1,600க்கு அறை கிடைத்தது, குற்றாலத்தில் ₹2,200. இரண்டு இரவுக்கு வித்தியாசம் ₹1,200. இரண்டு ஊருக்கும் நடுவே 5 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆட்டோவுக்கு ஒரு வழி ₹200, போகவர ₹400. மூன்று குளியலில் அந்த ₹1,200 சரியாகக் கரைந்துவிடும், நாலாவது குளியலுக்குக் குற்றாலம்தான் மலிவு. நகரப் பேருந்தில் போனால் கணக்கு வேறு. பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் இல்லை. எங்கள் குடும்பத்தில் வீட்டுக்காரர் ஒருவர்தான் முழு டிக்கெட். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால் நான் பேருந்தையே சொல்லுவேன். ஈரத்தலையோடு நடுங்குகிற பிள்ளையைச் சாரலில் நிறுத்திவைத்துப் பேருந்துக்குக் காத்திருப்பதை எந்தப் பணத்தில் கழிப்பது? குற்றாலத்தில் அறைக்கு நடந்து 7 நிமிடம். அறை ₹4,400 என்று எழுதினேன்.

இனித் துணிக்கணக்கு. பயணத்தில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான், யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன், பெரியவள் 3 வயதாக இருந்தபோது, ஐந்து டர்க்கி டவல் கொண்டுபோனோம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எதுவும் காயாது என்பது எனக்கு அப்போது தெரியாது. காற்றே ஈரம். மின்விசிறிக்குக் கீழே இரவெல்லாம் விரித்த டவல் காலையில் விரித்தபடியே சொதசொத என்று கிடந்தது. இரண்டாம் நாள் பிள்ளையை ஈர டவலால்தான் துவட்டினேன். அன்று இரவு அவளுக்குக் காய்ச்சல். வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தேன். டர்க்கி டவல் காய்ந்தபோது 420 கிராம், நனைத்துப் பிழிந்தபின் 1,050 கிராம். ஐந்தும் போகும்போது 2 கிலோ 100, வரும்போது 5 கிலோ 250. பெட்டி கனத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. "ஈரத்துணிய அப்படியே பைக்குள்ள போட்டு மூடாதம்மா, நாறிப்போகும்," என்று அத்தை ரயிலில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தமுறை ஈரிழைத் துண்டு. காய்ந்தால் 140 கிராம், பிழிந்தபின் 310. குளியல் நான்கு, பிள்ளை இரண்டு, ஆக 8. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, 3. தரையில் விரித்துப் பிள்ளையை நிறுத்த ஒன்று. மொத்தம் 12 துண்டு, 1 கிலோ 680 கிராம். பன்னிரண்டு துண்டும் ஐந்து டர்க்கி டவலைவிட இலேசு, ஒவ்வொரு குளியலுக்கும் பிள்ளைக்கு உலர்ந்த துண்டு. பிள்ளைகளின் உடுப்பிலும் இதே கணக்கு: குளிக்க 8 செட், குளித்தபின் போட 8 செட், அவசரத்துக்கு 2. பதினெட்டும் சேர்ந்து 3 கிலோ 240. குளிக்கிற செட்டுக்குப் பருத்தி வேண்டாம், மெல்லிய பாலியஸ்டர் போதும், பிழிந்தால் நீர் இறங்கிவிடும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் அருவிக்கு எடுத்துப்போகக் கூடாது, தடை இருக்கிறது. அந்த எடை மிச்சம், சிற்றாற்றுக்கும் நல்லது. இந்தத் தண்ணீர்தான் போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது, அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர் அதைக் குடிக்கிறது.

முதல் குளியல் ஞாயிறு மாலை, புலியருவியில். சின்ன அருவி, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. சின்னவன் முதல் இரண்டு நிமிடம் அலறினான், மூன்றாவதில் சிரித்தான், எட்டாவதில் நடுங்கினான்.

திங்கள் காலை மெயின் ஃபால்ஸ் என்கிற பேரருவியில் தடை. இரவு மலைமேல் மழை, பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டியது. பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். நடுவில் பொங்குமாகடல் என்ற பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்த பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அந்தக் குழியும் தாங்காத அளவு நீர் வரும் நாளில் தூரத்தில் நின்று பார்த்தாலே முகம் நனைந்துவிடும். பிள்ளைகள் அழுதார்கள். பெரியவளிடம் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததைச் சொன்னேன். சீசனே தொடங்காத கோடையில், குளித்துக்கொண்டிருந்தவர்கள்மீது திடீரென்று வெள்ளம் வந்தது, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டுபோய் உயிரை எடுத்தது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்தக் கணமே வெளியே வரவேண்டும், போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது. 7 வயதுக்கு அது புரிந்தது. சின்னவன் விஷயத்தில் ஒரே விதி: அவன் கை எந்நேரமும் ஒரு பெரியவர் கையில், அந்தப் பெரியவர் குளிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு குளியலிலும் எங்களில் ஒருவர் நனையாமல் நின்றோம். ஐந்து பேர் போனாலும் நான்கு பேருக்குத்தான் குளியல் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடை நாளுக்கென்று நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை, அது என் பிழை. காலையில் சித்திர சபைக்கு நடந்தோம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, இங்கே அவர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். பெரியவள் ஒவ்வொரு சுவராக நின்று பார்த்தாள், அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பிறகு ஆட்டோ பேசி, செங்கோட்டையில் வாஞ்சிநாதன் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, குண்டாறு அணைக்குப் போனோம். 36.10 அடி உயரமுள்ள சின்ன அணை, நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும், ₹860. ஆட்டோ ₹900. திட்டத்தில் நான் எழுதியிருந்தது ₹11,000. கூடிய ₹1,120இல் பெரும்பங்கு அந்த ஆட்டோதான். ஆனாலும் பிள்ளைகள் இன்றும் அதிகம் பேசுவது அந்த நாளைத்தான்.

மாலையில் ஐந்தருவி திறந்தது, 6 நிமிடம். செவ்வாய் காலை 6 மணிக்குப் பேரருவியின் ஓரத்தில் 10 நிமிடம், கூட்டமே இல்லை. அத்தை அருவிக்குக் கீழே கைகூப்பி நின்றார்.

வரவு ஒன்றுமில்லை, செலவு இப்படி:

ரயில், ஆட்டோ: ₹1,380
அறை, 2 இரவு: ₹4,400
உள்ளூர் ஆட்டோ (புலியருவி, ஐந்தருவி ₹300, செங்கோட்டை, குண்டாறு ₹900): ₹1,200
சாப்பாடு: ₹3,650
மங்குஸ்தான் 1 கிலோ ₹300, ரம்புட்டான் அரைக் கிலோ ₹120, நேந்திரங்காய் சிப்ஸ் ₹360: ₹780
விளையாட்டுச் சாமான்: ₹240
மருந்து: ₹260
குடிதண்ணீர், 2 லிட்டர் பாட்டில் 6: ₹210

சாப்பாட்டில் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் 3 இட்லி சாப்பிடும் பெரியவள் அருவியிலிருந்து வந்ததும் 5 இட்லியும் ஒரு தோசையும் சாப்பிட்டாள். குளித்துத் துவட்டிய பத்து நிமிடத்துக்குள் சூடாக எதையாவது கையில் கொடுத்தால் பாதி அழுகை அடங்கிவிடும். இரண்டாம் நாளிலிருந்து பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன். மருந்துப் பையில் ஒரு லிட்டருக்கான உப்புச்சர்க்கரைப் பொடி 3 பாக்கெட் இருந்தது, பிரிக்கவே இல்லை. அதுவும் தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மங்குஸ்தானைக் குரங்குக்குத் தெரியாமல் பையின் அடியில் வைக்கவேண்டும், சிப்ஸையும்தான்.

அடுத்த வருடத்துக்கான பக்கத்தில் இப்போதே தலைப்பு போட்டாயிற்று. குளியல்: 4 திட்டம், 3 எதிர்பார்ப்பு. தடை நாள்: ₹1,500 தனியே. ஈரிழைத் துண்டு: 12. சின்னவனுக்கு 4 வயது ஆகியிருக்கும், இன்னும் டிக்கெட் வேண்டாம்.

புதன் காலையில் மதுரையில் மொட்டை மாடியில் ஈரத்துணியை விரித்து எண்ணினேன். துண்டு 10, பிள்ளைகள் உடுப்பு 12, பெரியவர்களுடையது 9. முப்பத்தொன்றும் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டன.