டிரெய்லருக்கு எந்த ஸ்டெப்னி?

சுண்ணாம்புக்குளம் பக்கம் மீன் ஏற்றுபவர்கள் டிராக்டர் டிரெய்லருக்கு "16 இஞ்சு டயர்" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். ஒருமுறை நாங்களும் விசாரிக்காமல் 6.00-16 டயரை டிஸ்க்கோடு ஸ்டெப்னியாகக் கொடுத்துவிட்டோம். அது டிராக்டரின் முன்சக்கர அளவு. டிரெய்லருக்குப் பெரும்பாலும் 9.00-16. பின்னால் உள்ள 16 ரிம்மின் விட்டம், முன்னால் உள்ளது டயரின் அகலம். ஐஸ் பாரத்தோடு பஞ்சரான வண்டி ஏரிக்கரையிலேயே நின்றது. மீன் நஷ்டத்தில் பாதியை நாங்கள் ஏற்றோம், நியாயம்தானே?

ஆகவே பழைய டயரின் பக்கவாட்டு எழுத்தை முழுதாக எழுதிவரச் சொல்லுங்கள். பிளை ரேட்டிங் என்பது பாரம் தாங்கும் திறன், குறைந்ததைத் தள்ளிவிடக்கூடாது. டிஸ்க்கில் போல்ட் துளைகள் எத்தனை என்றும் கேட்கவேண்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் ஸ்டெப்னி தனித்தனிதான். உப்புக்காற்றில் நட்டுகள் துருவேறி இறுகிவிடும். வீல் ஸ்பானரையும் சேர்த்தே கொடுங்கள்.