கடைமடை வரை நீர் பாயட்டும்!



மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்னும் செய்தி கேட்டதும் தஞ்சைத் தரணி முழுவதும் ஒரு மகிழ்ச்சி பரவுகிறது. மூன்று நான்கு நாள்களில் அந்த நீர் கல்லணையை எட்டிவிடும். ஆயினும் பேராவூரணிப் பக்கத்து விவசாயி அச்செய்தியை மட்டும் நம்பி விதைநெல்லை ஊறவைப்பதில்லை. "வாய்க்காலில் வந்ததா?" என்று கேட்ட பிறகே கோட்டையைப் பிரிப்பார். அணையில் நிற்கும் நீர் வேறு, வயலில் பாயும் நீர் வேறு என்பதைக் கடைமடைக்காரருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாட்டைக் காக்கச் சென்ற வீரர்களுக்கும், ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களுக்கும், அவர்தம் மனைவி மக்களுக்கும் அரசு வழங்கும் உதவிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, ஆணைகளும் இருக்கின்றன. அவை கடைசி வீட்டின் வாசலுக்கு வந்து சேர்கின்றனவா என்பதே கேள்வி.

கல்லில் எழுதப்பட்ட கடமை

போரில் மாண்டவனின் குடும்பத்தைப் புரப்பது ஆட்சியாளரின் கடமை என்பது தமிழ் மண்ணுக்குப் புதிய கருத்தன்று. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. வீழ்ந்த வீரனின் உறவினருக்கு அன்று நிலம் அளித்தார்கள். அந்நிலத்துக்கு 'நெய்த்தோர்பட்டி' என்று பெயர். 'நெய்த்தோர்' என்பது இரத்தத்தைக் குறிக்கும் பழஞ்சொல். 'உதிரப்பட்டி' என்றும் அதனை வழங்கினர். சிந்திய குருதிக்கு ஈடாக வழங்கிய நிலம் என்பது பெயரிலேயே விளங்குகிறது. வழங்கியதைக் கல்லில் பொறித்தும் வைத்தார்கள். கல்லில் உள்ள பெயரை மழையும் வெயிலும் எளிதில் அழித்துவிடுவதில்லை.

இன்று அந்தக் கல்லின் இடத்தைத் தாளும் கணினியும் பெற்றுள்ளன. அங்கே ஓர் எழுத்து பிழைபட்டாலும் உதவி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

என்னென்ன உதவிகள் உள்ளன?

சிப்பாய் முதலிய படிநிலைகளில் இருப்போர் 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியம் பெறத் தகுதி அடைகின்றனர். அவர்கள் இயல்பாக மறைந்தால் மனைவிக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு சாதாரணக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். படைப்பணியின் காரணமாக நேர்ந்த மரணமெனில் 60 விழுக்காடு கிடைக்கும். போரில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்குக் கடைசி ஊதியம் முழுவதுமே ஓய்வூதியமாகிறது. ஆகவே எவ்வகை மரணம் என்று ஆவணத்தில் எழுதப்படும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருவாயையே தீர்மானிக்கிறது.

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்னும் ஆணை 2015 நவம்பர் 7 அன்று பிறப்பிக்கப்பட்டு, 2014 ஜூலை முதல் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது திருத்தப்படும். கணவரின் ஓய்வூதியத்தை மட்டுமன்றி, கைம்பெண்கள் பெறும் குடும்ப ஓய்வூதியத்தையும் அது உயர்த்துகிறது. ஓய்வூதியர்க்கும் குடும்பத்தார்க்கும் மருத்துவ உதவி வழங்கும் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

ஓய்வூதியம் பெறும் தகுதிக்கு முன்பே பணியிலிருந்து விலகியவர்களும் உண்டு. ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்து, ஓய்வூதியம் ஏதுமின்றி, 65 வயது கடந்தவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் மத்திய முன்னாள் படைவீரர் வாரியம் வறுமை உதவித் தொகை வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகள் இருவர் வரை கல்வி உதவி 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாயிற்று. மகளின் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாயிற்று. தொழிற்கல்வி பயிலும் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித் தொகையாக மாணவிக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவனுக்கு 2,500 ரூபாயும் 2019 ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டன.

தமிழக அரசு 1986 இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் வீரர்களுக்குக் காவற்பணி முதலிய வேலைகளைத் தருகிறது. 2024 ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம், தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியம் வழங்க வகை செய்தது.

வாசகர்களே, இத்தனையும் மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியே கேட்டறியத் தக்கவை. கேட்டறிந்தவர் நம் ஊரில் எத்தனை பேர்?

ஓர் எழுத்தின் விலை

மதரஸாவில் பாடம் நடத்துபவனைத் தேடி ஊரார் மனு எழுதித் தரச் சொல்லி வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி அவ்வாறு வந்தார். கணவர் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மறைந்து நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்து இத்தா முடிந்திருந்தது. குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த இடத்தில் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் 'பாத்திமுத்து' என்றிருந்தது. ஆதார் அட்டையிலோ 'ஃபாத்திமா பீவி'. குடும்ப அட்டையில் 'பாத்துமா'. பிறந்த ஆண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை. "நான் ஒருத்திதானே தம்பி! மூன்று பேர் என்கிறார்களே!" என்று அவர் கேட்டபோது எனக்கு விடை தோன்றவில்லை.

பதினொரு மாதங்கள் அலைந்த பிறகே அவர் கைக்குப் பணம் வந்தது. அதற்குள் காதில் கிடந்த அலுக்கத்தும் அடகுக் கடைக்குச் சென்றுவிட்டது. இறுதியில் உறுதிமொழிப் பத்திரத்தோடு துணைக்கு நின்ற சான்று எது தெரியுமா? பள்ளிவாசல் பெட்டியில் கிடந்த பழைய நிக்காஹ் தஃப்தர்! 1974 இல் எழுதிய அந்தப் பக்கத்தில் மணமகன் பெயர், மணமகள் பெயர், இருவரின் தந்தையர் பெயர், சாட்சிகளின் கையொப்பம் அனைத்தும் தெளிவாக இருந்தன. அன்று அதனை எழுதிய கணக்கப்பிள்ளை, ஒரு பெண்ணின் முதுமைக்கால உணவையே எழுதிச் சென்றிருக்கிறார்.

இஃது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. நம்மவர் பெயர்கள் அரபியிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்கையில் பல உருவம் கொள்கின்றன. முகம்மது, முஹம்மது, மொகம்மத் எல்லாம் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவது தமிழர் வழக்கம். படிவமோ முதற்பெயர், கடைப்பெயர் என்று கேட்கிறது. தந்தையின் பெயர் மகனுக்குக் கடைப்பெயராகிவிடுகிறது. மனைவியின் அட்டையிலோ கணவர் பெயர் வேறு உருவில் நிற்கிறது.

மேல்மதகு திறந்தும் கீழே வராத நீர்

இத்துயரம் நமக்கு முன்பும் நேர்ந்திருக்கிறது. தஞ்சை மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக மலாயாவின் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றோர் ஏராளம். 1943 ஆம் ஆண்டில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபோது மலாயாத் தமிழர்கள் பெருந்திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். நாடு விடுதலை பெற்றது. ஆனால் அவ்வீரர்கள் இந்தியப் படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972 இல்தான் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அப்போதும் சிறையிலிருந்த சான்று, உடன் சிறையிருந்தவரின் சான்று என்று ஆவணம் கேட்கப்பட்டது. பர்மாக் காடுகளில் நடந்து உயிர் பிழைத்தவர்களில் எத்தனை பேர் மூட்டையில் தாள்களைச் சுமந்து வந்திருப்பர்?

செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. இரண்டாம் உலகப்போரின் வீரர்களுக்குக் கல்லூரிக் கல்வியும் வீட்டுக் கடன் உத்தரவாதமும் அளிக்க 1944 இல் அங்கே ஒரு சட்டம் இயற்றினர். சட்டத்தில் நிறவேற்றுமை எழுதப்படவில்லை. ஆயினும் உள்ளூர் அலுவலர்களும் வங்கிகளும் கறுப்பின வீரர்கள் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பினர். போரில் ஒரே குண்டுமழையில் நின்றவர்கள், திரும்பி வந்த பின் ஒரே வரிசையில் நிற்க முடியவில்லை. மேல்மதகைத் திறப்பவரின் நல்லெண்ணம் போதாது; கீழ்மதகு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

புதிய தலைமுறைக்கு ஒரு சொல்

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேரும் இளைஞர் நான்காண்டுகள் பணியாற்றுவர். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்கள் வட்டியுடன் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதி பெற்று வெளிவருவர். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. இத்திட்டம் நன்றா தீதா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குள் ஊர் திரும்பும் அந்த இளைஞனுக்கு அடுத்த தொழில் என்ன என்பதைக் குடும்பம் முதல் நாளிலிருந்தே சிந்திக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

நம் ஊர்களில் 'சபுர்' சென்று பொருளீட்டுவோரே மிகுதி. அதிராம்பட்டினமும் கூத்தாநல்லூரும் இராஜகிரியும் கடல் கடந்த கணவரின் கடிதத்துக்காகக் காத்திருந்த பெண்களின் ஊர்களே. ஆகவே படைவீரனின் மனைவி படும் தனிமை நம் சகோதரிகளுக்குப் புரியாததன்று. ஆனால் அண்டை வீட்டில் படைக்குச் சென்றவர் இல்லாததால், எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. அந்தக் குறையை நாமே போக்க வேண்டும்.

பணியில் இருக்கும் சகோதரர்களே! நிக்காஹ் முடிந்தவுடன் அதனைத் தங்கள் படைப்பிரிவின் ஆவணத்தில் பதியச் செய்யுங்கள். பிள்ளை பிறந்தால் அதனையும் பதியச் செய்யுங்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சரிபாருங்கள். நீங்கள் ஒரு விண்ணப்பத்தில் திருத்தக்கூடியதை உங்களுக்குப் பின் அவர் பல மாதம் அலைந்து திருத்த வேண்டியிருக்கும். தாள்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பதையும் மனைவியிடம் சொல்லி வையுங்கள்.

ஓய்வூதியம் பெறும் பெரியோர் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் அளித்தாக வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். 2014 முதல் விரல்ரேகை வைத்துக் கணினி வழியாகவே அளிக்கும் வசதி உள்ளது. பேரப்பிள்ளைகள் இதனை நினைவூட்டட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! தமிழ்நாட்டில் எச்சமயத்தார் திருமணமாயினும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 90 நாள்களுக்குள் பதிவது எளிது. தஃப்தரில் பெயரை எழுதும்போது செல்லப்பெயரை எழுதாமல், பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ளவாறே எழுதுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். பழைய தஃப்தர்களைச் செல்லரிக்க விடாதீர்கள்.

இத்தா இருக்கும் பெண்ணின் தாள்களைச் சுமந்து அலுவலகம் செல்வது உறவினரின் கடமை; உறவினர் இல்லாவிடில் மஹல்லாவின் கடமை. அவரே நேரில் வந்தாக வேண்டிய தேவை நேர்ந்தால் பகலில் சென்று வருவதற்கு மார்க்க அறிஞர்கள் அனுமதி அளித்துள்ளனர். அறியாமையால் அவரைத் தடுத்து உரிமையை இழக்கச் செய்யாதீர்கள்.

1949 ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று மேடைகளில் 1948 இல் காஷ்மீரில் வீழ்ந்த பிரிகேடியர் உஸ்மானையும், 1965 இல் டாங்கிகளைத் தகர்த்து மாண்ட பரம்வீர் சக்ரா அப்துல் ஹமீதையும், 1999 கார்கில் போரில் உயிர் ஈந்த திருச்சி மேஜர் சரவணனையும் பெருமையுடன் நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். அத்துடன், நம் தெருவில் அல்லது அடுத்த தெருவில், எச்சமயத்தவராயினும், ஒரு முன்னாள் வீரரோ அவரின் மனைவியோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருடைய ஓய்வூதிய ஆணையையும் ஆதார் அட்டையையும் அருகருகே வைத்து இரு பெயர்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.