நல்வினா தரும் நலம்

நாமக்கல் நகரின் நடுவே ஓங்கி நிற்கும் பாறைக் குன்றின் மேற்குப் புறத்தில், குடைவரைக் கோயிலில் அருள்மிகு நரசிம்ம சுவாமி எழுந்தருளியுள்ளார். அவரை நோக்கியவாறு, கூரையற்ற வெட்டவெளியில், 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். அருள்மிகு நாமகிரித் தாயார் தனிச் சன்னதி கொண்டு அருள்பாலிக்கிறார்.

இத்தாயாரின் திருமுன் நின்று அன்பர்கள் எத்தனையோ கேட்கின்றனர். "எப்போது கிடைக்கும்?", "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பனவே அவற்றுள் மிகுதி. வேண்டுவது பக்தி. ஆயினும் எதனை, எவ்வாறு கேட்பது என அறிந்து கேட்பது ஒரு தனிப் பேறு. அதற்குச் சான்றாகத் திகழ்பவர், இத்தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய குடும்பத்தில் தோன்றிய கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன்.

வினாவின் வகைகள்

வினா என்பது அறியாமையின் அடையாளம் மட்டுமன்று. பவணந்தி முனிவர் தமது நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பிரித்துள்ளார். தான் அறிந்ததையே பிறர் அறிவாரோ எனக் கேட்பது அறிவினா. அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் தெளியக் கேட்பது ஐய வினா. ஒன்றைப் பெறுதற்குக் கேட்பது கொளல் வினா. கொடுத்தற்குக் கேட்பது கொடை வினா. ஒரு செயலில் ஏவுதற்குக் கேட்பது ஏவல் வினா.

குருவிடம் வினவுவது பணிவுக்கு மாறானதும் அன்று. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்று "வினா வெண்பா" என்றே பெயர் பெற்றுள்ளது. அதில் உமாபதி சிவாசாரியார் தம் குருவாகிய மறைஞான சம்பந்தரை நோக்கியே வினாக்களைத் தொடுக்கிறார்.

மேதையின் மூன்று வினாக்கள்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய பள்ளிப் பருவ நிகழ்ச்சி ஒன்று வழிவழியாகக் கூறப்படுகிறது. மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. ஆகவே எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்று என்றார் ஆசிரியர். "பழமே இல்லாமல், பெறுவோரும் இல்லாமல் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா?" என்று சிறுவர் வினவினார். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தலுக்கு ஒரே விடை என்பது இல்லை. கேட்ட விதியை அதன் எல்லை வரை கொண்டு சென்று பார்த்தமையால் எழுந்த வினா இது.

1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஓர் அறிவினாவை வெளியிட்டார். வர்க்கமூலத்தினுள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பதே அது. மாதங்கள் பல கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை; முடிவில் அவரே விடையளித்தார். விடை 3. மூன்றின் வர்க்கம் 9. அது ஒன்றுடன் இரண்டு நான்குகள் சேர்ந்தது. நான்கின் வர்க்கம் 16. அது ஒன்றுடன் மூன்று ஐந்துகள் சேர்ந்தது. ஐந்தின் வர்க்கம் 25. அது ஒன்றுடன் நான்கு ஆறுகள் சேர்ந்தது. இவ்வாறே மேலும் மேலும் தொடரும். எளிய உண்மையைப் பிறரும் தேடிக் காணுமாறு தூண்டியது அவ்வினா.

மூன்றாவது, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம். அதற்கு முன் வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தாம் கண்டவற்றைக் கடிதத்துடன் இணைத்து அறிவுரை வேண்டினார். அறிவுரையைப் பெறுதற்கு எழுந்ததால் இதனைக் கொளல் வினாவோடு ஒப்பிடலாம். அதன் பயனாக 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1918-இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

அருளும் முயற்சியும்

தம் கணித முடிவுகள் நாமகிரித் தாயார் கனவில் அருளியவை என இராமானுஜன் நண்பர்களிடம் கூறியதாகச் சொல்வர். எனினும் தாயாரை நம்பியவர் சிலேட்டைக் கீழே வைத்துவிடவில்லை. தாள் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, மீண்டும் எழுதினார். உழைத்துத் தேடிய உள்ளத்திலேயே அருள் வந்து தங்கியது.

வினவுவதற்கு முன் நாமும் மூன்றை எண்ணிப் பார்க்கலாம். இதைப்பற்றி எனக்கு முன்பே தெரிந்தது என்ன? எந்த இடத்தில் என் அறிவு நின்றுவிடுகிறது? வரும் விடை என் விருப்பத்திற்கு மாறாக இருப்பினும் ஏற்பேனா? "இக்கோயிலின் சிறப்பு என்ன?" என்று வந்தவுடன் கேட்பவருக்கு இரண்டு வாக்கியங்களில் விடை கிடைத்துவிடும். சற்று நின்று தரிசித்தபின், "ஆஞ்சநேயருக்கு மட்டும் ஏன் கூரையில்லை? அவர் திருக்கண்கள் எதனை நோக்குகின்றன?" என்று கேட்பவருக்கோ, அர்ச்சகரும் ஊர்ப் பெரியோரும் மனமகிழ்ந்து தலத்தின் வரலாறு முழுவதையும் எடுத்துரைப்பர். வீட்டில் குழந்தை "ஏன்?" என்று கேட்கும்போது அதட்டி அடக்காமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அன்புடன் திருப்பிக் கேட்பதும் நற்பணியே.

"எனக்கு ஏன் இந்தத் துன்பம்?" என்று தாயாரின் திருமுன் கலங்கி நிற்போர், "இதனைக் கடக்க நான் செய்ய வேண்டியது யாது?" என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். முதல் வினாவில் கண்ணீர் உண்டு; இரண்டாம் வினாவில் வழியும் உண்டு. நாமகிரித் தாயாரின் திருவருளால் அனைவர் உள்ளத்திலும் நல்வினாக்கள் மலர்க!