குமிழி விடாத லாகர்

சத்தம் போடாமல் படியிறங்கி வாருங்கள். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ட் இது. துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், அதற்குள் இருபது லிட்டர் லாகர் பியர்! வீட்டுக்காரர் மாத்தளைப் பக்கம், யட்டவத்தயில் வளர்ந்தவர். கதவைத் திறந்தவர் முகம் வாடிவிட்டது. வாளி மூடியில் செருகிய ஏர்லாக்கில், அதாவது வாயு வெளியேறும் குழாயில், ஒரு குமிழிகூட இல்லை.

"படுத்துக்கிச்சுங்க. நம்ம ஊர்க் கள்ளு ஒரு நாளாவது இப்படிப் படுத்திருக்கா?"

படுத்ததில்லைதான். கித்துள் பனையின் கள்ளு முட்டியில் சொட்டும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். பாணி காய்ச்சுகிறவர்கள் அதைப் புளிக்காமல் நிறுத்த ஹல் மரப்பட்டையைப் போட்டு வைப்பார்கள். ஊரில் நிறுத்தப் பாடுபடுகிறார்கள், இங்கே தொடங்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்!

லாகர் ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும், சுமார் 9 முதல் 13 பாகை செல்சியஸ். நுவரெலியாவின் குளிரில் 1849இலேயே சாமுவேல் பேக்கர் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்றால் ஆச்சரியமில்லை. யட்டவத்தயின் வெக்கையில் ஃபிரிட்ஜ் இல்லாமல் லாகருக்கு வழியில்லை. அதற்காக ஃபிரிட்ஜோடு யாரும் அங்கே கிளம்பிவிடாதீர்கள். அனுமதிப்பத்திரமின்றி மது வடிப்பதை இலங்கை மதுவரிச் சட்டம் குற்றம் என்கிறது.

ஃபிரிட்ஜின் முள் 6 பாகையில் நிற்கிறது. ஆஹா, திருடன் அகப்பட்டான்! போதாததற்கு 11.5 கிராம் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைத்தான் தூவியிருக்கிறார். இருபது லிட்டர் ஏல் வகைப் பியருக்கு அது போதும். குளிரில் வேலை செய்யும் லாகருக்கு இரண்டு பாக்கெட் வேண்டும். கூட்டம் குறைவு, குளிர் அதிகம். பாவம், ஈஸ்ட் அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

நின்றேவிட்டதா என்று ஏர்லாக்கைக் கேட்காதீர்கள். மூடி கொஞ்சம் கசிந்தாலே குமிழி வராது. அளந்துதான் பார்க்க வேண்டும். இவர் முதலில் நீட்டிய ரிஃப்ராக்டோமீட்டர் 7.5 பிரிக்ஸ் காட்டியது. அந்தக் கருவி கெட்டிக்காரப் பொய்யன். ஆல்கஹால் கலந்ததும் ஒளி வேறு மாதிரி வளையும், திருத்தக் கணக்குப் போடாவிட்டால் சர்க்கரை நிறைய மிச்சமிருப்பதாகக் காட்டும். 12 பிரிக்ஸில் தொடங்கிய பியர் 6இல் 'நின்றால்' அநேகமாக வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதை அறியாமல் முடிந்த பியரில் புது ஈஸ்டைக் கொட்டி அழுதவர்கள் எத்தனையோ பேர்!

ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டோம். தொடக்கத்தில் அடர்த்தி 1.048, இப்போது 1.020. இவருடைய மால்ட்டுக்கு 1.012 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ஆக, நிஜமாகவே நின்றுவிட்டது.

வைத்தியம் எளிது. ஃபிரிட்ஜை அணைத்து 16 பாகை வரை மெல்ல ஏற விட்டு, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி வாளியைப் பூப்போல ஆட்டினார். மூடியைத் திறக்கவில்லை. இந்த நேரத்தில் ஆக்சிஜன் நுழைந்தால் பியர் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அந்த இளஞ்சூடு இன்னொரு உபகாரமும் செய்யும்: வெண்ணெய் நாற்றம் தரும் டையசிட்டைலை ஈஸ்டே தின்று தீர்த்துவிடும். அதற்கும் அசையாவிட்டால், நன்றாக நுரைத்துக்கொண்டிருக்கும் வேறொரு லாகரிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றுவது ஜெர்மன்காரர்களின் பழைய வழி. உலர்ந்த ஈஸ்டை மேலே தூவுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

இவருக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. ஏர்லாக்கில் 'ப்ளுக்!' மனுஷன் துள்ளிக் குதித்தார். உடனே போத்தல்களைக் கழுவக் கிளம்பியவரைப் பிடித்து உட்கார வைத்தோம். நீங்களும் பொறுங்கள். இளஞ்சூட்டில் மூன்று நாள் ஒரே அளவு காட்டாமல் எதையும் போத்தலில் அடைக்காதீர்கள். மிச்சச் சர்க்கரை உள்ளே புளித்தால் கண்ணாடி வெடிக்கும்.