டிக்கெட்டில் வெனிஸ்... கப்பல் நிற்பதோ 150 கி.மீ. தள்ளி! ஒரே நாளில் கால்வாய் நகரைப் பார்ப்பது எப்படி?

சொகுசுக் கப்பலில் ஐரோப்பா போகலாம் என்று முடிவெடுத்து, பயணத் திட்டத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். ஐந்தாம் நாள்: 'வெனிஸ்'. கண்ணை மூடினால் கொண்டோலா படகு, செயின்ட் மார்க் சதுக்கம், கால்வாய் ஓரத்து ஜன்னல்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. ஆனால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். ட்ரியஸ்தே அல்லது ரவென்னா. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

கவனிக்க வேண்டிய பெயரே அதுதான். ட்ரியஸ்தே வெனிஸிலிருந்து சாலை வழியாகச் சுமார் 160 கி.மீ. ரவென்னா சுமார் 145 கி.மீ. காலையில் கண் விழித்து கேபின் ஜன்னலைத் திறந்தால் கொண்டோலா தெரியாது, கிரேன்தான் தெரியும்!

ஏன் கப்பல் வெனிஸுக்குள் போவதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை போய்க்கொண்டுதான் இருந்தது. ஜியுதெக்கா கால்வாய் வழியாக, செயின்ட் மார்க் சதுக்கத்தை உரசுவதுபோல, வீட்டுக் கூரைகளைவிட உயரமான கப்பல்கள் கடந்து போகும். மேல்தளத்தில் நின்ற பயணிகளுக்கு அது வாழ்நாள் காட்சி. கீழே குடியிருப்பவர்களுக்கு வேறு மாதிரி.

2019 ஜூன் 2-ம் தேதி 'எம்எஸ்சி ஓபரா' என்ற பெரிய கப்பல் கட்டுப்பாட்டை இழந்து, கரையில் நின்ற சிறிய சுற்றுலாப் படகின் மீதும் படகுத்துறையின் மீதும் மோதியது. சிலர் காயமடைந்தார்கள். ஏற்கெனவே இருந்த எதிர்ப்பு இன்னும் வலுத்தது. யுனெஸ்கோவும் 1987-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த நகரத்தை 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் சேர்ப்பது பற்றிப் பேசி வந்தது.

2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலி அரசு தடை கொண்டுவந்தது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு, 180 மீட்டருக்கு மேல் நீளம், 35 மீட்டருக்கு மேல் உயரம் என்று இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே அந்தக் கப்பல் செயின்ட் மார்க் பக்கமும் ஜியுதெக்கா கால்வாய்க்குள்ளும் வர முடியாது. பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் இந்த வரம்பைத் தாண்டியவை. அதனால்தான் அவை எதிர்க்கரையில் இருக்கும் தொழில் துறைமுகமான மார்கெராவுக்கோ, இன்னும் தள்ளி ரவென்னா, ட்ரியஸ்தே ஆகிய ஊர்களுக்கோ போகின்றன.

அலை அடித்தால் என்ன ஆகும்?

வெனிஸ் ஒரு காயலுக்குள் இருக்கும் 118 தீவுகளின் தொகுப்பு. அவற்றை 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. கட்டடங்கள் நிற்பது சேற்றில் இறக்கிய மரக்கம்பங்களின் மேல். நம் ஊர் அடுக்குமாடிக்கு 'பைல்' போடுவோமே, அதே யோசனை, ஆனால் மரத்தில். சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இல்லாததால் மரம் எளிதில் மக்குவதில்லை. அதன் மேல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாத இஸ்த்ரியக் கல்லை அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் சுவர் எழுப்பினார்கள்.

சிக்கல் அந்தச் செங்கல்லில்தான். கடல் மட்டம் உயர்ந்து உப்புத் தண்ணீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டால், சுவர் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்தபின் உப்பு படிந்து செங்கல் பொடிப்பொடியாக உதிரும். விசைப்படகுகள் கிளப்பும் அலையும் கரைச் சுவர்களை ஓயாமல் அடிக்கிறது. வெனிஸ்காரர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'மோத்தோ ஒந்தோசோ'.

1966 நவம்பர் 4-ல் ஓதம் 194 செ.மீ. உயரத்துக்கு ஏறி நகரத்தை மூழ்கடித்தது. 2019 நவம்பர் 12-ல் மீண்டும் 187 செ.மீ. அதன் பிறகு 2020 அக்டோபரில் 'மோசே' என்ற தடுப்பு முதல்முறையாக வேலை செய்தது. காயலும் கடலும் சேரும் மூன்று வாய்களில் 78 இரும்புக் கதவுகள் தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கும். பெரிய ஓதம் வரும் என்று தெரிந்தால் உள்ளே காற்றை அடைத்து எழுப்பி நிறுத்துவார்கள். பொதுவாக 110 செ.மீ. வரும் என்று கணித்தால்தான் கதவு எழும். செயின்ட் மார்க் சதுக்கமோ நகரிலேயே தாழ்வான இடம், அதற்கு முன்பே நனையத் தொடங்கிவிடும். அக்டோபர் முதல் குளிர்காலம்வரை போகிறவர்கள் நல்ல ஷூவை நம்பிப் போகாமல் இருப்பது நல்லது.

பிரைவேட் டூரா, கப்பல் டூரா?

கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் ஊரைச் சுற்றி வருவதைத்தான் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்கிறார்கள். இதில் இரண்டு வழிகள். ஒன்று, கப்பல் நிறுவனமே பேருந்து பேருந்தாக அழைத்துப்போவது. இன்னொன்று, நீங்களே வெளியே ஒரு வழிகாட்டியையும் வண்டியையும் பேசிக்கொள்வது.

பிரைவேட் டூரில் பெரும்பாலும் ஆள் கணக்கு இல்லை, குழுவுக்குத்தான் விலை. தனியாகவோ ஜோடியாகவோ போனால் பர்ஸ் அழும். தாத்தா பாட்டி, குழந்தைகள் என்று ஆறு பேர் போனால் கணக்கு மாறும். வேகமும் உங்கள் கையில். வெனிஸில் 2024 முதல் சுற்றுலாக் குழுவுக்கு 25 பேர்தான் உச்சவரம்பு, ஒலிபெருக்கிக்கும் தடை. நான்கைந்து பேராகப் போகிறவர்களுக்கு இந்த விதிகளால் தொந்தரவே இல்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் சொந்த டூர் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைப்பார்கள். நீங்களாகப் போய்த் தாமதமானால்? கப்பல் கிளம்பிவிடும். துறைமுகத்தில் மூச்சிரைக்க ஓடிவரும் பயணிகளை மேல்தளத்திலிருந்து மற்றவர்கள் வீடியோ எடுக்கும் காட்சி இணையத்தில் நிறையவே உண்டு. அந்த வீடியோவில் நீங்கள் இருக்க வேண்டாம், இல்லையா?

கையில் இருப்பது எத்தனை மணி நேரம்?

இதைப் பின்னாலிருந்து கணக்குப் போடுவதுதான் சரி. கப்பல் ட்ரியஸ்தேயில் காலை 8 முதல் மாலை 6 வரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

* கடைசியாக ஏற வேண்டிய நேரம்: மாலை 5.30
* நெரிசலுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தால்: மாலை 4.00-க்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும்
* இரண்டு மணி நேரச் சாலைப் பயணம்: பிற்பகல் 2.00-க்கு வெனிஸை விட்டுக் கிளம்ப வேண்டும்
* காலையில் 8.30-க்குக் கிளம்பினால்: 10.30-க்கு வெனிஸ்

பத்து மணி நேரம் என்று நினைத்தது மூன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. மார்கெராவில் நின்றால் கதை வேறு, அங்கிருந்து நகரம் பக்கம்தான். ஆகவே டூர் பேசுவதற்கு முன் முதலில் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள். ட்ரியஸ்தே என்றால், 'வெனிஸ் முழுவதும், முரானோ, புரானோ தீவுகள் உட்பட' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மூன்றரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

வண்டிகள் பியாசாலே ரோமா என்ற சதுக்கத்தோடு சரி. அதற்கப்புறம் கார், பைக் எதுவும் கிடையாது. ஆம்புலன்ஸ், குப்பை வண்டி, கூரியர் எல்லாமே படகுதான்.

10.30: அங்கிருந்து 'வப்போரெத்தோ' என்ற நீர்ப் பேருந்தின் 1-ம் எண் பிடிக்கலாம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. ஏறத்தாழ 3.8 கி.மீ. நீளமுள்ள கிராண்ட் கால்வாயில் முக்கால் மணி நேரம் போகும் இந்தப் பயணமே பாதி டூர். இரு கரையிலும் மாளிகைகள், நடுவில் 1591-ல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ பாலம்.

11.20: செயின்ட் மார்க் சதுக்கம். தேவாலயத்துக்குள் போக வேண்டுமானால் தோளையும் முழங்காலையும் மூடிய உடை வேண்டும், முன்பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். புறாவுக்குத் தீனி போடாதீர்கள், அதற்கு அபராதம் உண்டு.

12.00: சந்துகள் வழியே ரியால்டோ. மொபைல் மேப் இந்தச் சந்துகளில் அடிக்கடி தடுமாறும். சுவர்களில் 'பெர் ரியால்டோ' என்று எழுதிய மஞ்சள் பலகைகளைப் பின்தொடர்ந்தாலே போதும். பாலத்தைத் தாண்டினால் மீன் சந்தை. ஞாயிறும் திங்களும் விடுமுறை, மற்ற நாட்களில் காலை வியாபாரம் மட்டும்தான். பக்கத்துச் சிறு கடைகளில் 'சிக்கெத்தி' என்ற குட்டித் தீனியை நின்றபடியே சாப்பிடலாம். மதியச் சாப்பாடு முடிந்தது!

1.00: கன்னரேஜியோ பகுதி. இங்கேதான் 1516-ல் யூதர்களைத் தனியாக அடைத்து வைத்த 'கெட்டோ' இருக்கிறது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் பிறந்த இடம். கூட்டமும் குறைவு. இங்கிருந்து பியாசாலே ரோமா கால் மணி நேர நடை.

கொண்டோலா இல்லாமலா?

ஏறலாம், ஆனால் விலை தெரிந்து ஏறுங்கள். பகலில் 30 நிமிடத்துக்கு அதிகாரபூர்வக் கட்டணம் 90 யூரோ. அது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர்வரை உட்காரலாம். உற்றுப் பார்த்தால் படகு நேராக இருக்காது. ஒரே துடுப்பை வலப்பக்கமாக மட்டும் போடுவதால் படகு திரும்பிவிடாமல் இருக்க, இடப்பக்கத்தைச் சுமார் 24 செ.மீ. அகலமாகச் செய்கிறார்கள். பட்ஜெட் இடிக்கிறதா? கிராண்ட் கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுவிடும் 'த்ரகெத்தோ' படகுக்கு 2 யூரோதான். பயணம் சில நிமிடங்கள், போட்டோ அதே போட்டோ.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* எந்தத் துறைமுகத்தில், எந்த வாயிலில் வண்டி நிற்கும்?
* வானிலையால் கப்பல் அங்கே நிற்காமல் போய்விட்டால் பணம் முழுதாகத் திரும்புமா?
* வழிகாட்டிக்கு உரிமம் உண்டா? இத்தாலியில் அது கட்டாயம்.
* படகு டிக்கெட், கொண்டோலா, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்த விலையா?

அது என்ன நுழைவுக் கட்டணம்? 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நெரிசல் நாட்களில் வெனிஸுக்கு வந்துவிட்டு அன்றே திரும்புகிறவர்கள் பணம் கட்ட வேண்டும். முதல் ஆண்டு 29 நாட்கள், 5 யூரோ. 2025-ல் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. காலை 8.30 முதல் மாலை 4 வரைதான் இந்த விதி. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு. கட்டாமல் மாட்டினால் அபராதம் 50 முதல் 300 யூரோ வரை. நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், போகும் தேதியை நகராட்சி இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கப்பல் இத்தாலியில் கிளம்பி, மாண்டினீக்ரோ அல்லது துருக்கி போய்விட்டு மறுபடி இத்தாலிக்கு வந்தால், நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. கரையில் இறங்கும்போது பாஸ்போர்ட் நகலும், கப்பலின் துறைமுக ஏஜென்ட் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். மொபைலில் தெரியும் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜன்னலில் ஓர் எண்

இவ்வளவு விதிகளும் சுற்றுலாப் பயணியை விரட்டுவதற்கா? வெனிஸ்காரர்களின் பயம் வேறு. 1951-ல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போனது. வீடுகள் விடுதிகளாக மாறின, வாடகை ஏறியது, மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வந்தது. காலையில் வந்து, கையில் கொண்டுவந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டு, நான்கு மணி நேரத்தில் திரும்பிப்போகும் கூட்டத்தால் கிடைப்பது சொற்பம், நெரிசல்தான் மிச்சம் என்பது அங்குள்ளவர்களின் நீண்டநாள் ஆதங்கம்.

கப்பல் பயணியால் அங்கே ஓர் இரவு தங்க முடியாதுதான். ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தலாம், சந்தை ஓரத்துச் சிறு கடையில் சாப்பிடலாம், குறுகிய பாலங்களில் நின்று வழியை மறிக்காமல் இருக்கலாம். அந்தப் பாலத்தைக் கடந்துதான் அங்கே ஒரு குழந்தை பள்ளிக்குப் போகிறது.

செயின்ட் மார்க்கிலிருந்து ரியால்டோ போகும் வழியில், பாலத்துக்குச் சற்று முன்னால் சான் பர்தொலமேயோ என்றொரு சிறிய சதுக்கம் வரும். அங்குள்ள மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் ஒரு டிஜிட்டல் பலகை இருக்கிறது. அதில் ஓடுவது தங்க விலையோ வெப்பநிலையோ அல்ல. அந்த நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. போகிற போக்கில் ஒரு நிமிடம் நின்று அதைப் பாருங்கள்.