ஐம்பதாம் எண் சாலை – 6: ஒரு அமாவாசை, இரண்டு நவராத்திரி

ஜொகூரின் ஆயர் ஈத்தாம் பக்கத்தில் இலை உதிர்வது மாசி மாதத்தில். ஆண்டு இறுதி மழை ஓய்ந்து, தைப்பூசக் காவடிகள் இறங்கி, வெயில் சூடேறியதும் பால்மரங்கள் பழுக்கத் தொடங்கும். நிரை நிரையாகப் பச்சை மங்கிச் செம்பு நிறமாகும். பிறகு ஒரு காற்றுக்குக் காடே மொட்டையாகி, நடந்தால் கணுக்கால் வரை சருகு சரசரக்கும். பார்க்க அழகுதான். ஆனால் பால் இறங்காது. கோப்பை பாதி நிறைவதே பெரும்பாடு, மாதச் சம்பளமும் அந்த அளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இலையுதிர் காலம் என்பது கடைக்காரர் கணக்குப் புத்தகம் தடிக்கும் காலம்.

அக்டோபர் நெருங்கினால் நம் பத்திரிகைகளில் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இலை பார்க்க அழைக்கும் பயண விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. போய் வருபவர்கள் போய் வரட்டும். நம் ஊரிலும் அதே மாதங்களுக்கு ஒரு பருவம் இருக்கிறது. அதை மரத்தில் தேடினால் கிடைக்காது. மரமும் மாறிவிட்டது. இந்தச் சாலையின் இரு மருங்கிலும் பால்மரக் காடுகளை அழித்துச் செம்பனை வைத்துவிட்டார்கள். செம்பனைக்கு உதிர்காலமே கிடையாது, ஆண்டு முழுக்க ஒரே பச்சை. மிச்சம் இருப்பது நிலாவும் அடுப்படியும். அவற்றைக் கொண்டுதான் இங்கே மனிதர்கள் பருவத்தை அடையாளம் காண்கிறார்கள்.

போன வாரம் ஆயர் ஈத்தாம் நாற்சந்தியில் நிறுத்தியிருந்தோம். பத்து பஹாட்டிலிருந்து மெர்சிங் போகும் ஐம்பதாம் எண் சாலையும், கோலாலம்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் பழைய ஒன்றாம் எண் சாலையும் குறுக்கிடும் இடம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும்வரை, சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகிற எந்தப் பேருந்தும் இங்கே நின்று இளைப்பாறாமல் போனதில்லை. அப்படித்தான் இந்த ஊரின் பீங்கான் கடைகள் தீபகற்பம் முழுக்கப் பேர் வாங்கின. பூச்சாடி, உண்டியல், தண்ணீர்த் தொட்டி என்று கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீனக் குயவர்கள் மேட்டுச் சரிவில் பாம்புபோல நீளமாகக் கட்டிய விறகுச் சூளைகளில் அவர்கள் பால்மரக் கோப்பைகளையும் சுட்டார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. அவர்கள் சுட்ட கோப்பையில் நம்மவர்கள் வெட்டிய பால் இறங்கியது. இந்த ஊரில் தமிழருக்கும் சீனருக்கும் இருக்கும் பழக்கம் மொழியில் தொடங்கியதல்ல.

சரி, செப்டம்பர் மாதத்துக்கு வருவோம். பெரிய டுரியான் பருவம் முடிந்திருக்கும். பால்மரம் மிஞ்சியிருக்கிற இடங்களில் காய் வெடிக்கும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். வெடித்துத் தெறிக்கும் புள்ளிபோட்ட கொட்டைகளைப் பொறுக்கிவந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் குத்தி எது உடைகிறது என்று பார்ப்பது பிள்ளைகளின் விளையாட்டு. இன்னும் குறும்புக்காரர்கள் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் கையில் வைப்பார்கள். பிற்பகலில் இடி, மாலையில் மழை. மழை ஏமாற்றும் ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வந்துவிடும். 1997, 2015, 2019 ஆண்டுகளில் குளுவாங் மலைகள் இருந்த இடம் தெரியாமல் போயின.

இந்த நாள்களில்தான் சீனர்களின் எட்டாம் மாதப் பௌர்ணமி வருகிறது. நிலாப் பணியாரம், காகித விளக்கு, பொமெலோப் பழம். அன்று இரவு கம்பத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போகும் பிள்ளைகளில் சீனர் எத்தனை, தமிழர் எத்தனை என்று இருட்டில் யாரும் எண்ணியதில்லை. நம் வீடுகளில் சிக்கல் பணியாரத்தில்தான். அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டியே வரும். 2024-இல் செப்டம்பர் 17, சரியாகப் புரட்டாசி முதல் தேதி. அண்டை வீட்டு அம்மா அன்போடு கொடுத்த பணியாரத்தின் நடுவில் உப்பிட்ட முட்டை மஞ்சள் உட்கார்ந்திருக்கும். மாவில் பன்றிக் கொழுப்பு கலந்ததா என்ற கேள்வி வேறு. மறுக்கவும் முடியாது, விரத வீட்டில் வாங்கி வைக்கவும் முடியாது. அகர் அகரில் செய்த பணியாரம் பரவலாக வந்தபிறகுதான் பல அம்மாக்களுக்கு நிம்மதி.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாளே நம் மகாளய பட்சம் தொடங்குகிறது. அவர்கள் நிலாவைக் கொண்டாடி முடித்ததும் நாம் முன்னோரை நினைக்க ஆரம்பிக்கிறோம். பதினைந்து நாளில் மகாளய அமாவாசை. அடுத்த நாள் நவராத்திரி. அன்றுதான், பெரும்பாலான ஆண்டுகளில், சீனர்களின் ஒன்பதாம் மாதமும் பிறக்கிறது. அதன் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசத் தெய்வங்களின் விழா. மஞ்சள் கொடி, வெள்ளை உடை, ஒன்பது நாளும் சைவம். 2022-இல் இரண்டும் செப்டம்பர் 26 அன்று தொடங்கின. 2023-இல் அக்டோபர் 15. 2024-இல் அக்டோபர் 3. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு நவராத்திரிகள்.

இது யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை. இரு நாட்காட்டிகளும் மாதத்தை அமாவாசையில் எண்ணுகின்றன. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குப் பதினோரு நாள் குறையும். அந்தக் குறையை நிரப்ப இருவருமே 19 ஆண்டுகளில் ஏழுமுறை ஓர் அதிக மாதத்தைச் செருகுகிறார்கள். எந்த மாதத்தைச் செருகுவது என்பதில்தான் வேறுபாடு. சீனர்கள் சூரியன் பருவப் புள்ளிகளைக் கடப்பதைப் பார்க்கிறார்கள். நாம் நட்சத்திர ராசிகளை வைத்துச் சங்கராந்தி பார்க்கிறோம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 நாள் இடைவெளி. அதனால் எப்போதாவது கணக்கு பிசகும். 2025-இல் அப்படித்தான் பிசகியது. சீனர்களுக்கு ஆறாம் மாதம் இரண்டுமுறை வந்தது. நமக்கு அந்த ஆண்டு அதிக மாதம் இல்லை. நம் சரஸ்வதி பூசை அக்டோபர் 1-இல் முடிந்து, அக்டோபர் 6-இல் அவர்களின் பணியார நிலா வந்து, அக்டோபர் 20-இல் நம் தீபாவளி முடிந்த மறுநாள் அவர்களின் ஒன்பது நாள் விரதம் தொடங்கியது. வழக்கமான வரிசை தலைகீழ். பட்டாசுச் சத்தம் அடங்கி, ஆட்டுக்கறிக் குழம்பு சுண்டிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டில் மஞ்சள் கொடி ஏறியது.

ஒன்றாக வருகிற ஆண்டுகளில் நன்மை நமக்குத்தான். புரட்டாசி விரதக்காரர்களுக்கு ஊரில் சைவக் கடை போதாது என்ற குறை அந்த ஒன்பது நாளும் இருக்காது. சீனக் கடைகள் மஞ்சள் சீட்டு ஒட்டிச் சைவமாக மாறிவிடும். அங்கே வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். நம் விரதத்தைவிடக் கடுமை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெங்காயம் இல்லாத மீ கோரெங்கைத் தின்று பார்த்தால், நாம் எவ்வளவு சலுகையோடு விரதம் இருக்கிறோம் என்பது தெரியும்.

அந்த ஒன்பது தெய்வங்களுக்கும் ஒரு தாய் உண்டு. தோ மூ என்று பெயர். சப்தரிஷி மண்டலத்தைச் சேர்ந்த ஏழு விண்மீன்களும் கண்ணுக்குத் தெரியாத இரண்டும் அவளுடைய பிள்ளைகள். பல கைகள், நெற்றிக்கண், உயர்த்திய கைகளில் சூரியனும் சந்திரனும். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் போன மாரீசி என்ற தேவியின் உருவம் இவளோடு கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கோலாலம்பூரை அடுத்த அம்பாங் கோயிலில் ஒன்பதாம் நாள் பூக்குழிகூட இறங்குகிறார்கள். அடுத்த சில வாரங்களில் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீமிதி. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். இரண்டையும் பார்த்தவர்களிடம் நான் வேறுபாடு கேட்டதுண்டு. “சத்தம் வேற, சூடு ஒண்ணுதான்” என்று பதில் வந்தது.

மலைக்கு வருகிறேன். சீனர்களின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அன்று உயரமான இடத்துக்கு ஏறவேண்டும். ஒரு குரு தம் சீடனிடம், அன்றைக்குக் குடும்பத்தோடு மலையேறிவிடு, ஊருக்குக் கேடு வருகிறது என்றாராம். அவனும் ஏறினான். மாலையில் இறங்கிவந்து பார்த்தால் வீட்டிலிருந்த ஆடு, மாடு, கோழி எல்லாம் செத்துக் கிடந்தன. இரண்டு நவராத்திரியும் சேர்ந்து வரும் ஆண்டுகளில் அந்த ஒன்பதாம் நாளும் நம் சரஸ்வதி பூசையும் ஒன்று. நாம் புத்தகத்தை அடுக்கிவைத்துப் படிக்காமல் இருக்கும் நாளில் அவர்களுக்கு மலையேற்றம். படிப்பிலிருந்து விடுபட்ட பிள்ளைகளுக்கு அன்று அதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது? தொல்காப்பியர்கூடக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும்தான் வைத்தார். ஐப்பசியும் கார்த்திகையும் மலைக்குரியவை என்பது நம்மவர் ஏற்கெனவே போட்ட கணக்கு.

ஆயர் ஈத்தாமிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் போனால் குளுவாங். ஊரை ஒட்டியே லம்பாக் மலை, 510 மீட்டர். ஜொகூரின் உயரமான மலை தங்காக் பக்கத்து லேடாங், 1,276 மீட்டர். குளுவாங்குக்கு அப்பால் பெலுமுட், ஆயிரத்தைச் சற்றே தாண்டும். இவ்விரண்டுக்கும் முன்னேற்பாடு தேவை, அனுமதி தேவை. லம்பாக் ஊரை ஒட்டியே இருப்பதால் போய் வருவது எளிது.  அடிவாரத்தில் ஓடையும் பிள்ளைகள் ஆடும் இடமும்; மேலே போகப் போக வேரைப் பிடித்தும் கயிற்றைப் பிடித்தும் ஏறவேண்டிய செங்குத்து. விடியலில் கிளம்பினால் இறங்கிவந்து குளுவாங் ரயில் நிலையக் காப்பிக் கடையில் பசியாறலாம். 1938 முதல் நடக்கிற கடை. தனியாக மலைக்கென்றே வருகிறவர்களும், காப்பிக்காக மலையைச் சாக்காகச் சொல்கிறவர்களும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தோட்டக் காலத்தில் இத்தகைய உல்லாச மலையேற்றம் கிடையாது. காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மேட்டுக் காட்டில் பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்து இறங்கியவர்களுக்கு மலை என்பது வேலை. வெளியே போவது என்றால் தீபாவளிதான். முதல்நாள் இரவு முன்னோருக்குப் படையல். சில குடும்பங்கள் காசு போட்டு ஓர் ஆடு வாங்கிக் கூறு போட்டுக்கொள்வார்கள். விடியலில் எண்ணெய்க் குளியல். பிறகு தோட்டத்து லாரியில் ஏறி, புதுச்சட்டை கசங்க, குளுவாங்குக்கோ பத்து பஹாட்டுக்கோ சினிமா பார்க்கப் போவது. லாரியில் நின்றுகொண்டு போன அந்தப் பயணத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். என்ன படம் என்பது பலருக்கு மறந்திருக்கும்.

லயங்கள் காலியாகிவிட்டன. பிள்ளைகள் ஜொகூர் பாரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பரவிவிட்டார்கள். இப்போது தீபாவளிப் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது: நகரத்திலிருந்து வந்து, செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் பழைய தோட்டத்துக் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, உறவினர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போவது. இதிலும் 2014 முதல் ஒரு சிரமம் இருந்தது. ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியதால், மலாக்கா உறவினருக்கு ஓய்வான ஞாயிறு நமக்கு வேலை நாள். 2025 ஜனவரியில் சனி, ஞாயிறு திரும்பிவந்தபிறகு குடும்பங்கள் மறுபடி ஒரே நாளில் கூட முடிகிறது. நாட்காட்டி விஷயத்தில் சீனர்களோடு ஒத்துப்போவதைவிட, பக்கத்து மாநிலத்து மாமன் வீட்டோடு ஒத்துப்போவது கடினமாக இருந்த பதினோரு ஆண்டுகள்.

தீபாவளி கழிந்தால் வானம் கறுக்கும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் இறங்கியதும் கிழக்குப் பக்கக் கதவுகள் மூடிக்கொள்ளும். எண்டாவ் ரொம்பின் வனப்பூங்காவை மூடுவார்கள். மெர்சிங்கில் கடல் கொந்தளித்து, தியோமான் படகுகள் குறையும். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் குளுவாங்கும் பத்து பஹாட்டும் மூழ்கியதை இந்தப் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். ஆனால் அதைவிட என்னைக் குழப்பியது 2023. பால்மரம் இலை உதிர்த்துக் காய்ந்து நிற்க வேண்டிய மார்ச் மாதத்தில் பத்து பஹாட்டிலும் யோங் பெங்கிலும் வெள்ளம் வந்து, வாரக்கணக்கில் வடியவில்லை. பஞ்சாங்கம் பிசகினால் அதிக மாதம் போட்டுச் சரிசெய்துவிடலாம். மழை பிசகினால் அதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

ஆகவே இந்தச் சாலையில் சுற்றிவர நினைப்பவர்கள் விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் லம்பாக், பத்து மணிக்குக் காப்பி, மதியத்துக்குள் ஆயர் ஈத்தாம் பீங்கான் கடைகள். மூன்று மணிக்குமேல் இடி இறங்கும், மலையில் இருக்காதீர்கள். அடுத்த வாரம் குளுவாங் ரயில் நிலையத்துக்குப் போவோம். 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தபோது அதைப் போட்டவர்கள் யார், போட்டபிறகு எங்கே போனார்கள் என்று பார்க்கலாம்.