நொதித்தலும் குளிர்ப்பெட்டியும்

பதுளை நகரில் இரவு அரைத்து வைத்த தோசைமா விடிவதற்குள் பொங்கிச் சட்டியின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அதே அரிசியையும் அதே உளுந்தையும் அதே கையால் அரைத்து நுவரெலியாவிலே வைத்துவிட்டால், மறுநாட் காலையிலும் மா வைத்தபடியே கிடக்கும். பதுளையிலிருந்து அங்கே மணமுடித்துச் சென்ற பெண் முதலில் திகைப்பாள். பின்னர் மாச்சட்டியை அடுப்பங்கரைச் சூட்டில் வைக்கப் பழகிக்கொள்வாள். குறை மாவிலும் இல்லை, கைராசியிலும் இல்லை. பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இவ்வுயர வேறுபாட்டினால் உண்டாகும் வெப்பநிலை வேற்றுமையே மாவின் வேற்றுமைக்குக் காரணம்.

மாவைப் பொங்கச் செய்வன கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். இளஞ்சூடு கிடைத்தால் அவை விரைந்து பெருகும், குளிர்ந்தால் சோர்ந்துவிடும். இத்தொழிலையே நொதித்தல் என்று விஞ்ஞானம் கூறுகிறது. தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இச்சொல் வழங்குகிறது. எனினும், அரைபட்ட கொழுந்து செப்பு நிறம் பெறுவது நுண்ணுயிர்களின் வேலையன்று. இலையின் சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதனால் விளையும் மாற்றமே அது. ஆயினும் ஒரு விதி இரண்டுக்கும் பொதுவானது. அறை சூடேறினால் தேயிலையின் வாசனை கெடும். ஊவாத் தோட்டங்களில் தொழில் செய்தோர் இதனைப் புத்தகத்தைப் பார்த்து அறியவேண்டியதில்லை.

வெப்பநிலைக்கு மிகவும் கட்டுப்பட்ட நொதித்தல் பியர் என்னும் பானத்தினுடையது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பர். அதனை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆறிய பின்னர் ஈஸ்ட் என்னும் மதுவத்தைச் சேர்ப்பர். மதுவம் சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் கரியமிலவாயுவையும் வெளிவிடும். பாணைப் பொங்கச் செய்வதும் இதே மதுவமே. ஏல் என்ற வகைப் பியருக்கு ஏறத்தாழ 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலை ஏற்றது. லாகர் என்ற வகைக்கு 8 முதல் 13 பாகை வரை வேண்டும். சூடு மிகுந்தால் மதுவம் நிதானம் இழந்து காட்டமான மணங்களையும் தொண்டையை எரிக்கும் சுவையையும் உண்டாக்கும். குளிர் மிகுந்தால் உறங்கிவிடும்.

இயந்திரக் குளிர் இல்லாத காலத்தில் மக்கள் யாது செய்தனர்? குளிரைத் தேடிச் சென்றனர். ஜேர்மனியின் பவேரியா நாட்டில் 1553-ஆம் ஆண்டில், கோடை மாதங்களில் பியர் தயாரிக்கலாகாது என்று அரசன் ஆணையிட்டான். குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி நிலவறைகளில் சேமித்து வைப்பதும் அந்நாட்டு வழக்கம். இலங்கையில் ஏரிகள் உறைவதில்லை. ஆனால் மலை இருந்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840-களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறினார். பின்னர் 1881-ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு பியர் ஆலை நிறுவப்பட்டது. மலையின் குளிரும் தெளிந்த நீரும் அவ்வாலைக்கு வாய்த்த செல்வங்கள். இன்று அதன் வழித்தோன்றலான ஆலை கொழும்பை அடுத்த பியகமவில் இயங்குகிறது. வெப்பமான சமவெளிக்கு அது இறங்கிவர முடிந்தது ஏன்? குளிரை இயந்திரத்தினால் உண்டாக்கும் ஆற்றல் மனிதனுக்குக் கைவந்துவிட்டது என்பதே விடை.

அவ்வாற்றல் வளர்ந்ததற்கும் பியரே ஒரு காரணம் என்பது சுவையான செய்தி. 1870-களில் ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் வொன் லிண்டே என்னும் பேராசிரியர், மூனிச் நகரத்துப் பியர் ஆலையொன்றின் ஆதரவோடு தமது குளிரூட்டும் இயந்திரத்தைச் செப்பனிட்டார். 1876-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் பியரின் நோய்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். 1883-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் தூய மதுவத்தைத் தனியே பிரித்து வளர்த்தார். இன்று அடுக்களையில் பாலையும் மீனையும் காக்கும் குளிர்ப்பெட்டி, இத்தகைய பெரிய ஆலை இயந்திரங்களின் சிறிய உடன்பிறப்பு எனலாம்.

வீட்டிலே பியர் தயாரித்தல் சில நாடுகளில் சட்டம் இடங்கொடுத்த பொழுதுபோக்கு. பிரித்தானியாவில் அதற்கு உரிமப் பத்திரம் பெறவேண்டும் என்ற விதி 1963-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் நிலைமை வேறு. 1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப் பத்திரமின்றி மதுபானம் தயாரித்தல் குற்றமாகும். கசிப்பினால் தோட்டத்து லயங்களில் எத்தனை நாட்கூலி கரைந்தது, எத்தனை குடும்பம் நொந்தது என்பதை ஊவா மக்கள் நன்கு அறிவர். ஆகவே கீழே சொல்லப்படும் முறைகள், பியரைப் பொறுத்தவரை, கடல் கடந்து சென்று சட்டம் அனுமதிக்கும் நாட்டிலே வாழ்கின்ற உறவினர்க்கே பொருந்தும். ஆயினும் பெட்டியைத் தேர்வதிலும் பேணுவதிலும் உள்ள நுட்பங்கள் பதுளை வீட்டுக்கும் பயன்படுவன.

முதலில் நீங்கவேண்டிய மயக்கம் ஒன்றுண்டு. நொதித்தலுக்கு வேண்டியது கடுங்குளிரன்று, மாறாத வெப்பநிலை. சாதாரணக் குளிர்ப்பெட்டி 4 பாகை அளவில் நிற்கும்; உறைபெட்டி பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை வரை இறங்கும். இவ்விரண்டும் மதுவத்துக்கு ஆகா. எனவே வெப்பநிலைநிறுத்தி என்னும் சிறு கருவியைத் தனியாக வாங்கி, மின்சாரம் அதன் வழியாகவே பெட்டிக்குச் செல்லுமாறு அமைப்பர். கருவியின் உணர்முனையை நொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டி, அதன்மேல் பஞ்சோ தடித்த துணியோ வைத்துக் கட்டவேண்டும். நொதித்தல் மும்முரமாக நடக்கையில் பாத்திரத்தின் உட்சூடு சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை ஏறிவிடும். ஆதலால் காற்றை அளந்தால் ஏமாற்றமே, பாத்திரத்தையே அளக்கவேண்டும். சூடு 19 பாகையைத் தாண்டினால் பெட்டி இயங்கும். 18-க்கு இறங்கியதும் நின்றுவிடும். குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் எதிர்மாறான தேவை எழும். அங்கே பாத்திரத்தைச் சிறிது சூடாக்கும் பட்டி ஒன்றும் வேண்டும்.

இனி, நிற்கும் குளிர்ப்பெட்டியா, படுக்கை உறைபெட்டியா என்ற கேள்வி. படுக்கை உறைபெட்டியின் மூடி மேலே திறப்பது. குளிர்ந்த காற்று கனமானதாகையால், மூடியைத் திறந்தாலும் அது உள்ளேயே தங்கும்; மின்சாரச் செலவு குறையும்; இடமும் தாராளம். இவை அதன் நன்மைகள். 20 லீற்றர் சாறு நிரம்பிய பாத்திரம் 20 கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ளது. அதனை இடுப்பளவு உயரமான சுவருக்கு மேலே தூக்கி உள்ளே இறக்குவது முதுகுக்குக் கேடு. இது அதன் பெருங்குறை. மற்றொன்று ஈரம். உறைபெட்டி 18 பாகையில் நிற்கும்போது உள்ளே சேரும் நீர் தானாக வடிந்தோட வழியில்லை. துடைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நிற்கும் குளிர்ப்பெட்டியில் நீர் வழிந்து பின்புறத் தட்டிற் சேர்ந்து ஆவியாகும். பாத்திரத்தை நேராக உள்ளே தள்ளியும் வைக்கலாம். முதன்முறையாக வாங்குவோர்க்கு இதுவே ஏற்றது. கண்ணாடித் தட்டு அப்பாரத்தைத் தாங்காது. தட்டை எடுத்துவிட்டு அடியில் உறுதியான பலகை இடவேண்டும்.

அளவு பார்ப்பதிலே பலர் தவறுவதுண்டு. விளம்பரத்தில் சொல்லப்படும் லீற்றர்க் கணக்கை நம்பி வாங்கினால், பாத்திரம் உள்ளே நுழையாமற் போகலாம். பெட்டியின் பின்புற அடியில் கம்பிரசர் இருப்பதனால் உள்ளே ஒரு படி போல மேடு இருக்கும்; கதவின் உட்புறத் தட்டுகளும் இடத்தைப் பிடிக்கும். காற்று வெளியேறும் குழாயையும் சேர்த்து, பாத்திரத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் அட்டையில் ஓர் உருவம் வெட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று, கதவை மூடிப் பார்ப்பதே தக்க வழி.

பழைய பெட்டி வாங்குவோர் மேலும் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். கதவின் றப்பர் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்தால் அது பிடித்து நிற்கவேண்டும். வழுக்கி வந்தால் குளிர் கசியும். கம்பிரசர் ஓடும் ஓசை சீராக இருக்கவேண்டும். குழாய் செலுத்துவதற்கென்று பெட்டியின் சுவரில் துளையிடுவோர் உண்டு. குளிர்வாயு செல்லும் குழாய்கள் அச்சுவரினுள்ளே மறைந்திருக்கும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றுவது. ஆதலால் துளையிடுதல் ஆபத்து. உணர்முனையின் மெல்லிய கம்பியைக் கதவு விளிம்பின் வழியாகவே உள்ளே கொண்டு செல்லலாம்.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தடைப்பட்ட மின்சாரம் திரும்பியதும் கம்பிரசர் உடனே புறப்பட முயன்றால் அது பழுதடையும். ஏறத்தாழ ஐந்து நிமிடம் தாமதித்து இயக்கும் ஏற்பாடு வெப்பநிலைநிறுத்தியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குதல் நன்று. மின்னழுத்தம் ஏறி இறங்கும் தோட்டப் பகுதிகளில், பால் வைக்கும் பெட்டிக்கும் மருந்து வைக்கும் பெட்டிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நீரிழிவு நோயாளர் ஒருவரின் இன்சுலின் அப்பெட்டியில் இருக்குமாயின், அது உறைந்துவிடாமற் பார்த்துக்கொள்வதும் கடமையாகும். உறைந்த இன்சுலின் பயன்படாது. இத்தகைய பெட்டியை வேறெந்தச் சோதனைக்கும் எடுத்துக்கொள்ளலாகாது.

ஊவா இல்லத்தரசிக்கு இவற்றிலிருந்து கிடைக்கும் பயன் எளியது. தோசைமாவும் அப்பமாவும் பொங்கிய பின்னரே பெட்டிக்குச் செல்லவேண்டும். பொங்குமுன் வைத்தால் நுண்ணுயிர்கள் உறங்கிவிடும். தயிரும் உறைந்த உடனே உள்ளே சென்றால் புளிப்பு ஏறாது. இஞ்சிப் பானம் போன்று வாயு உண்டாக்கும் பண்டங்களை நொதித்தல் அடங்குமுன் போத்தலில் இறுக மூடி வெளியே வைத்தலாகாது. வாயு அழுத்தம் மிகுந்து போத்தல் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

கடைசியாகச் சொல்லவேண்டியது குழந்தைகளைப் பற்றியது. நொதித்தலின்போது வெளிவரும் கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது. படுக்கைப் பெட்டியின் அடியில் அது தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்ட பின்னரே உள்ளே குனியவேண்டும். இதனினும் பெரிய ஆபத்து, பழுதாகி லயத்தின் பின்புறத்தில் எறியப்பட்ட பெட்டி. ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால், அதன் கூக்குரல் வெளியே கேட்பதில்லை. இவ்வாறு பல பிள்ளைகள் இறந்ததனால், உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடிய கதவு வேண்டுமென்று ஐக்கிய அமெரிக்கா 1956-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. காந்த விளிம்புக் கதவுகள் பரவியமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் படுக்கைப் பெட்டியின் பாரமான மூடியைச் சிறு பிள்ளை தூக்கமாட்டாது. சிலவற்றிற்குப் பூட்டும் உண்டு. ஆகையால் பயன்படாத பெட்டி எவ்வகையாயினும், அதனை வெளியே வைக்குமுன் திருகாணிகளைக் கழற்றிக் கதவை அகற்றிவிட வேண்டும். அரை மணி நேர வேலைதான்; வீட்டிலுள்ள பெரியவர் எவரும் அதைச் செய்யலாம்.